ஆணியில் தொங்கிய டோக்கன்

அக்காவின் படிப்பு அப்பா உத்தரவில் நின்றது. கல்யாணம் மாமா உத்தரவில் நடந்தது. வேலைக்குப் போனதும் அத்தான் தலையாட்டிய பிறகுதான். அப்படிப்பட்டவளை ஃபேக்டரியில் எங்கள் தையல் லைனுக்கே சூப்பர்வைசர் ஆக்கியபோது என் வாய் சும்மா இருக்குமா?

"அற்பனுக்கு வாழ்வு வந்தா அர்த்த ராத்திரியில குடை பிடிப்பானாம். நீ குடை வாங்கியாச்சா?" என்றேன்.

அக்கா சிரித்தாள். நிமிர்ந்து நடக்கவே அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

அந்த உத்தியோகத்தோடு ஒரு டோக்கனும் வந்தது. கழிப்பறைக்குப் போகிறவள் சூப்பர்வைசரிடம் கேட்டு, ஆணியில் தொங்கும் சிவப்பு அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போக வேண்டும். லைனுக்கு ஒரே டோக்கன். ஒருத்தி திரும்பினால்தான் அடுத்தவள். அனுமதி, கட்டுப்பாடு, ஒழுங்கு என்று மேனேஜர் என்ன பெயர் வைத்தாலும், எங்களுக்கு அதிகாரம் என்றால் அந்த அட்டைதான். அக்கா கேட்டவுடன் கொடுத்துவிடுவாள். அவளும் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள்தானே!

ஒரு நாள் அவசர ஆர்டர். மேனேஜர் எங்கள் லைனிலேயே வந்து நின்றார். "இன்னைக்குச் சரக்கு போகலைன்னா நீ மறுபடி மெஷினுக்குத்தான்" என்றார் அக்காவிடம். அந்த நேரம் பார்த்து என் பக்கத்தில் காலர் தைப்பவள் எழுந்தாள். அவளை வாயாடி என்றுதான் கூப்பிடுவோம், வாயே திறக்கமாட்டாள் என்பதால்.

"அக்கா, டோக்கன்."

"கொஞ்சம் பொறுத்துக்கம்மா."

மறுபடியும் கேட்டாள். அக்கா மேனேஜரின் முகத்தைப் பார்த்தாள். "இந்தக் கட்டு முடியட்டும். போய் உக்காரு."

அவள் அப்புறம் கேட்கவில்லை. ஸ்டூலிலிருந்து தரையில் சொட்டியது. மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. இரண்டு பிள்ளை பெற்றவள், கையிலிருந்த துணியால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூடப் பிறந்தவள் என்றும் பார்க்காமல் கத்தினேன்.

"ஆத்திரத்தை அடக்கினாலும் மூத்திரத்தை அடக்க முடியாதுன்னு உனக்குத் தெரியாதா?"

அக்கா துணி எடுத்து வந்து, மண்டியிட்டு, தரையைத் தானே துடைத்தாள்.

மறுநாள் மேனேஜரிடம் போய், "டோக்கனை எடுத்துடுங்க சார். இல்லைன்னா என்னை எடுத்துடுங்க" என்றாள். அவர் யோசிக்கவே இல்லை. மத்தியானத்துக்குள் அக்கா பழையபடி மெஷினில். "மன்னிச்சுக்கடி" என்று வாயாடியிடம் கெஞ்சிப் பார்த்தாள். அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை. பதவி போனதைவிட அதுதான் அக்காவை அரித்தது. கொண்டுவந்த சாப்பாட்டைத் திறக்காமலே வீட்டுக்குத் திருப்பி எடுத்துப் போனாள்.

அந்த வாரக் கடைசியில் அக்கா மெஷினை நிறுத்திவிட்டு எழுந்தாள். யாரையும் கேட்கவில்லை. புது சூப்பர்வைசர் பையன் ஓடி வந்தான்.

"டோக்கன் எங்க? யாரு உத்தரவு குடுத்தா?"

"அடிவயிறு குடுத்துச்சு தம்பி."

கண்ணாடி அறையில் மேனேஜர் எழுந்து நின்றார். அக்காவின் வேலைக்கு வேட்டு என்று எல்லோருக்கும் தெரிந்தது. தலை குனிந்து தைத்துக்கொண்டே இருந்தோம். நானும்தான். எனக்கு வாய் மட்டும்தான் நீளம். அவள் தனியாக நடந்தாள்.

பக்கத்தில் ஒரு மெஷின் நின்றது. வாயாடி எழுந்தாள். ஆணிப் பக்கம் பார்க்காமல் விடுவிடுவென்று நடந்தாள்.

"இருங்கக்கா, நானும் வரேன்."

அவள் அவ்வளவு சத்தமாகப் பேசி நாங்கள் கேட்டதே இல்லை.