அம்மன் இறங்கிய குளம்

குளம் என்று நான்தான் சொல்வேன். மற்றவர்களுக்கு அது குழி. குருவிட்டப் பக்கம் எங்கள் ரப்பர்த் தோட்டத்தில், நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளுக்குக் கீழே, யாரோ மாணிக்கம் தேடித் தோண்டி, ஒன்றும் கிடைக்காமல் விட்டுப்போன பள்ளம். மேலேயிருந்து கசிந்து வரும் ஊற்றால் நிறைந்து கிடந்தது. கல்யாணமாகி அங்கே வந்த வருஷமே அதன்மேல் என் கண் விழுந்துவிட்டது.

குளத்தைச் சும்மா விட்டால் குளமாக இருக்காது, சாக்கடையாகிவிடும். ரப்பர் மரம் இலை உதிர்க்கும் காலத்தில் தண்ணீர் முழுக்கச் சருகு விழும். அள்ளாவிட்டால் அது அடியில் ஊறித் தண்ணீர் கறுத்துப்போகும். ஆகாயத்தாமரையைப் பாதி வாரி எடுப்பேன், மீன் நிழலில் ஒதுங்கப் பாதியை விடுவேன். தண்ணீர் வெளியேறும் வாய்க்காலை மண்வெட்டியால் திறந்து வைப்பேன். ரப்பர்ப் பால் வாளியை அதில் கழுவ வந்தவர்களிடம் நான் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. எனக்கு வாய் நீளம், அது லயத்துக்கே தெரியும். "குளத்துக்கு மகாராணி வந்துட்டாங்கடி" என்று கேலி செய்துவிட்டு, கரையில் நான் போட்ட கங்குன் கீரையைப் பறித்துக்கொண்டு போவார்கள். போகட்டும்! குடிக்க, மேலேயிருந்து குழாயில் வரும் பீலித் தண்ணீர் இருந்தது. மற்றதற்கெல்லாம் குளம்தான்.

அந்த வருஷம் மழை பொய்த்தது. ஊற்று நூலாகி, பிறகு நின்றது. வாய்க்கால் காய்ந்தது. அந்தச் சமயத்தில்தான் என் தங்கச்சி கலவானையிலிருந்து தலைப்பிரசவத்துக்கு வந்தாள். எங்களுக்கு அம்மா இல்லை, அதனால் என் வீடுதான் அவளுக்குத் தாய்வீடு. மெலிந்த உடம்பு, வயிறு மட்டும் பெரிது. அவளையும் பிள்ளையையும் முழுசாகத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பில்லை.

தோட்டத்தின் கீழ்ப் பிரிவான கீழ்க்கணக்கில் காய்ச்சல் என்றார்கள். முதலில் ஒரு வீடு. பிறகு வரிசையாக. நடுக்கம் வந்து, தீயாய்க் கொதித்து, வேர்த்து ஓயும். மறுபடி நடுக்கம். அங்கேயிருந்து பாடைகள் போவது எங்கள் லயத்து வாசலில் நின்றாலே தெரியும். தங்கச்சி பார்க்காமலிருக்கக் கதவைச் சாத்தி வைத்தேன்.

காய்ச்சல் நம் பக்கம் ஏறக்கூடாது என்று கங்காணி மாரியம்மனுக்குக் கரகம் எடுத்தார். வேப்பிலையும் பூவும் மஞ்சளுமாக ஊரே கொண்டாடியது. கரகத்தை எப்போதும் ஆற்றில்தான் கரைப்போம். ஆறு பாறையாகக் கிடந்ததால் குளத்தில் கரைத்தார்கள். கரைத்ததோடு விட்டார்களா? கங்காணி கரையில் நின்று எல்லாருக்கும் சொன்னார்:

"அம்மா எறங்கி ஒக்காந்துட்டா. மொத மழை விழுற வரைக்கும் யாரும் தண்ணியக் கலக்கக் கூடாது. கை, கால், வாளி ஒண்ணும் படக் கூடாது."

"ஐயா, அது ஓடுற தண்ணியில கரைக்கிறதுங்க. இது நிக்கிற தண்ணி. இத்தனை பூவும் தழையும் கெடந்தா நாறிப் போயிருமுங்க" என்றேன்.

"ஒன் வாய் இருக்கே, அதுக்கே தனியா ஒரு கரகம் எடுக்கணும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

நாறத்தான் செய்தது. தழை அழுகி, ஆகாயத்தாமரை கரைக்குக் கரை மூடியது. விடியற்காலையில் மீன்கள் வாயை மேலே தூக்கிக் காற்றுக்குத் தவித்தன. பிறகு வெள்ளை வயிறு மேலே தெரிய மிதந்தன. லயத்துச் சனம் கரையில் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டது. நமக்கு வர வேண்டியதை மீன் வாங்கிக்கொண்டதாம்! பலாக்காய் விற்க வந்த சிங்களக் கிழவி மட்டும் மூக்கைப் பொத்திக்கொண்டு, "வதுர நரக்காய், நோனா" என்றாள். தண்ணீர் கெட்டுவிட்டது என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. மீன் இருந்தவரை தின்று தீர்த்த, கொசுவாகப்போகும் கூத்தாடிப் புழு இப்போது மேலெல்லாம் துள்ளிக்கொண்டிருந்தது. பொழுது சாய்ந்தால் கொசு, கூரைக்கு அடியில் புகை மாதிரி. தங்கச்சி இரண்டு கையாலும் வயிற்றைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு காலை, எல்லாரும் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போனதும், மூங்கில் பல் வைத்த என் வாரியோடு இறங்கினேன். அழுகினதையெல்லாம் இழுத்துக் கரையில் போட்டேன். பாதிகூட முடியவில்லை, கங்காணி ஓடி வந்தார்.

"அடிப் பாவி! அம்மா தலையிலயா வாரியப் போடுற?"

"அம்மா இந்த நாத்தத்துல எப்பிடிங்க ஒக்காந்திருப்பா?"

வாரியைப் பிடுங்கி முழங்காலில் வைத்து ஒடித்தார். என் வீட்டுக்காரர் வந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். சேற்றுக் காலோடு போய் வாசலில் நின்ற என்னைத் தங்கச்சி பார்த்தாள்.

மறுநாளே அவளுக்கு நடுக்கம் கண்டது.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? நான் தொட்டதால்தான் அம்மன் வீடேறி வந்தாள் என்று லயம் முழுக்கப் பேச்சு. இருந்த துணியையெல்லாம் அவள்மேல் போட்டு, நானும் மேலே கவிழ்ந்து அணைத்துக்கொண்டேன். அப்படியும் கட்டில் ஆடியது. பிள்ளை நாளுக்கு முன்னே பிறந்தது. ஆண். அழவில்லை.

அதற்குப் பிறகுதான் தோட்டத்துத் துரை உத்தரவு போட்டு, கொசுப் புழு சாகக் குளத்தில் மண்ணெண்ணெய் ஊற்றினார்கள். தகரத்தைத் தூக்கிப் பிடித்து ஊற்றியது அதே கங்காணிதான். தண்ணீர் முழுக்க எண்ணெய் பரவியதை ஊரே பார்த்துக்கொண்டு நின்றது. அம்மா தலையில் ஊற்றாதே என்று ஒரு வாய் திறக்கவில்லை. அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை.

கொசு கடித்த அன்றே காய்ச்சல் வராது, உடம்புக்குள் பல நாள் கிடந்துதான் வெளியே வரும் என்று தோட்டத்து மருந்துக்கார ஐயா பிறகு சொன்னார். ஓடி வந்து அதைத் தங்கச்சியிடம் சொன்னேன். அப்போது அவள் எழுந்து நடக்கிற அளவுக்குத் தேறி, கலவானைக்குப் போகத் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"நான் கொளத்துல எறங்குறதுக்கு முந்தியே ஒன்னக் கடிச்சிருக்குடி. ஐயாவே சொல்றாரு."

மடிப்பதை நிறுத்தாமல் சொன்னாள்: "இருக்கும்க்கா. ஆனா நீ கை வைக்காம இருந்திருக்கலாம்ல."

அதன் பிறகு அவளுக்கு மூன்று பிள்ளைகள். ஒரு பிரசவத்துக்கும் என் வீட்டுக்கு வரவில்லை.