பூசணிக்காய் உடைத்த கிராசிங்

உலக நாடுகளின் சாலைகளை ஒப்பிட்டுப் பாடம் நடத்துவது என் பிழைப்பு. எந்த நாட்டில் விபத்து குறைந்தது, என்ன செய்து குறைத்தார்கள் என்று பொறியியல் கல்லூரியில் மணிக்கணக்காகப் பேசுவேன். ஆனால் மதுரை அவனியாபுரத்தில் எங்கள் தெருமுனைச் சாலையை என் மனைவியால் தனியாகக் கடக்க முடியவில்லை. ஊருக்குத்தான் உபதேசம்.

அவள் மிஷன் பள்ளி ஆசிரியை. வீடு சாலைக்கு இந்தப் பக்கம், பள்ளி அந்தப் பக்கம். போன வருடம் ஒரு பைக்காரன் அவளை இடித்துத் தள்ளிவிட்டுப் போனான். கை எலும்பு கூடிவிட்டது, பயம் மட்டும் போகவில்லை. தினமும் காலையில் நான் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் விட வேண்டும்.

"இந்த வருசத்தோட வேலைய விட்டுறப் போறேங்க" என்றாள் ஒருநாள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைப் பற்றிப் பேசாமல் ஒரு வேளை சோறு உண்ணாதவள் அவள். எனக்கு அவள்மேல் கோபமில்லை, அந்தச் சாலைமேல்தான் கொலைவெறி.

பள்ளி வாசலில் வேகத்தடை மாதிரி அகலமாக மேடாக்கி, மேலே வெள்ளைக் கோடு போட்ட கிராசிங் வேண்டும் என்று சாலைப் பொறியாளரைப் போய்ப் பார்த்தேன். நாடு நாடாக அட்டவணை காட்டினேன். மனிதர் கெட்டிக்காரர்.

"லட்சம் பேருக்கு எத்தனை விபத்துச் சாவுன்னு கணக்குப் போட்டா நாம ஒண்ணும் அம்புட்டு மோசமில்லையே சார்?"

"லட்சம் வண்டிக்கு எத்தனை சாவுன்னு போட்டுப் பாருங்க, மூஞ்சி வெளுத்துரும்."

"அதெல்லாம் வெளிநாடு சார். அந்த ஜனம் வேற, நம்ம ஜனம் வேற."

இந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "உங்க சொந்தத்துல யாராச்சும் சிங்கப்பூர்ல இருக்காங்களா?" என்றேன். மச்சினன் இருக்கிறாராம். "அங்க அவரு ரோட்டை எப்படிக் கடக்கிறாரு?"

பொறியாளர் கொஞ்சம் யோசித்தார். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "அங்க பச்சை விழுற வரைக்கும் ஆடாம அசையாம நிப்பான் சார். பொங்கலுக்கு நம்ம ஏர்போர்ட்ல வந்து இறங்குனா, மறுநாளே ஒன்வேயில எதுத்தாப்புல வாரான்!"

"ஆளு அதே ஆளுதான சார்? ரோடுதான மாறுச்சு?"

என் அட்டவணைகள் செய்யாததை அந்த மச்சினன் செய்துவிட்டார். கோப்பு நகர்ந்தது. ஆமை வேகத்தில்தான், ஆனாலும் நகர்ந்தது.

கிராசிங் போட்டு முடித்ததும் விடியற்காலையில் போய்ப் பார்த்தேன். கச்சிதமான மேடு, பளிச்சென்று கோடு. குனிந்து முத்தமிடலாம் போலிருந்தது. பள்ளி நேரத்துக்கு அவளைக் கூட்டிக்கொண்டு வந்தால், ஷேர் ஆட்டோக்காரர்கள் முந்திக்கொண்டார்கள். புதிதாக எது வந்தாலும் திருஷ்டி கழிக்க வேண்டுமே! குங்குமம் அடைத்த பூசணிக்காயை நட்டநடு கிராசிங்கில் போட்டு உடைத்திருந்தார்கள். கோடெல்லாம் விதையும் சதையுமாக வழவழத்துக் கிடந்தது. எந்த நாட்டு அட்டவணையிலும் பூசணிக்காய்க்கு ஒரு கட்டம் கிடையாது.

"யாருய்யா அது? பாதுகாப்புக்குப் போட்ட எடத்துலயே ஆளச் சாய்க்கப் பாக்குறது?" என்று கத்தினேன்.

"கண்ணு பட்டுறக் கூடாதுல்லண்ணே" என்ற ஆட்டோக்காரர், அடுத்த நொடியே விளக்குமாற்றோடு ஓடிவந்தார். நானும் இறங்கிச் செருப்புக் காலால் ஓரமாகத் தள்ளினேன். மேட்டைக் கண்டு வேகம் குறைத்த டவுன் பஸ்ஸும் பைக்குகளும் இரண்டு பக்கமும் நின்று வேடிக்கை பார்த்தன. ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். ஒருவர்கூட ஹாரன் அடிக்கவில்லை, மதுரையில் இது அதிசயம்.

சுத்தம் செய்து முடித்து, வழக்கம்போல அவள் பக்கம் கையை நீட்டிக்கொண்டு திரும்பினேன். அவளைக் காணோம். பார்த்தால் எதிர்ப்பக்கம் பள்ளி வாசலில் நிற்கிறாள். பிள்ளைகள் சுற்றிச் சூழ்ந்து சேலையைப் பிடித்து இழுக்கின்றன.

"நானே வந்துட்டேங்க!" என்று அங்கிருந்தே கத்தினாள். "நாளையில இருந்து நீங்க வர வேணாம், காலேஜுக்குக் கெளம்புங்க!"

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் அவளுக்கு டாட்டா காட்டினேன்.