முதலில் எல்லாக் கைகளும்

சட்டைத் தொழிற்சாலையில் அவளுக்குக் கைக்காரி என்று பேர். காலையில் மிஷினில் உட்கார்ந்தால் சாயங்காலம் வரை சட்டைக்குக் கை வைத்துத் தைப்பதுதான் வேலை. தைத்துத் தைத்து, இப்போது தலை வாரக்கூடத் தோள் உயரமாட்டேன் என்கிறது. ஆர்டர் சரிபார்க்கும் மேசையில் ஓர் இடம் காலியாக இருந்தது. அது கிடைத்தால் தோள் பிழைக்கும். ஆனால் அதற்குப் பாழாய்ப்போன இங்கிலீஷ் பரீட்சை ஒன்று எழுதியாக வேண்டும்.

"இங்கிலீஷ் வந்து அடுப்பு மூட்டுமா?" என்றார் அவள் வீட்டுக்காரர். மனுஷன் தங்கம்தான், வாய்தான் கொஞ்சம் நீளம்.

அவள் விடவில்லை. பரீட்சையில் கேட்பது, சொல்லுக்குச் சரியான பின்னொட்டைச் சேர்ப்பது. மூலச்சொல்தான் உடம்பு, பின்னால் ஒட்டுவது கை என்று வைத்துக்கொண்டாள். வெட்டுத்துணிகளில் சாக்பீஸால் எழுதி, குண்டூசி குத்திச் சேர்த்துப் பார்ப்பாள். 'ஸ்லோ'வுக்கு 'நெஸ்' வைத்தால் பெயர்ச்சொல். அதைப் பிரித்து 'லி' வைத்தால் வினையடை. 'அக்ரீ' என்ற வினைக்கு 'மென்ட்' கச்சிதம். அதையே 'ஸ்லோ'வுக்கு வைத்தால் அக்குளில் இழுக்கும். அதை அவளுக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை.

பரீட்சையில் வரிக்கு ஒரு கோடிட்ட இடம், பக்கத்தில் மூலச்சொல். பேனாவை எடுத்ததும் தொழில்புத்தி வந்துவிட்டது. எந்தத் தையல்காரி ஒவ்வொரு சட்டையாக முடிப்பாள்? முதலில் எல்லாக் கைகளையும் தயார்செய்து கட்டிவைப்பார்கள், பிறகுதான் உடம்பில் சேர்ப்பார்கள். அப்படியே மேலிருந்து கீழ்வரை பின்னொட்டுகளை மட்டும் ஓரத்தில் எழுதி முடித்தாள். முழுச்சொல் எழுத மறுபடி மேலே வந்தாள். பாதிகூடத் தாண்டவில்லை, மணி அடித்துவிட்டது.

தாளைத் திருத்திய அதிகாரி நல்ல மாதிரி. "ஓரத்துல எழுதினது எல்லாமே சரிம்மா. ஆனா முழுச்சொல் இல்லாம மார்க் போட முடியாதே" என்றார். கழிவறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவள் அழுது தீர்த்தாள்.

வீட்டில் நடந்ததைச் சொன்னாள். கிண்டலுக்கு வாயைத் திறந்த வீட்டுக்காரர், அவள் மேல்தட்டிலிருந்த பாத்திரத்தை எட்டமுடியாமல் இடக்கையால் தடவுவதைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார். எழுந்து வந்து பாத்திரத்தை எடுத்தார்.

"அடுத்த பரீட்சை எப்போ?"

"ஆறு மாசம் ஆகும்."

"அதுவரைக்கும் அடுப்பு என்னோடது. நீ போய்ப் படி."

அவள் உட்கார்ந்தாள். ஒரு சொல்லை முழுசாக எழுதி முடித்த பிறகே அடுத்ததைத் தொட்டாள். அடுக்களையிலிருந்து தீய்ந்த வாடை வந்தது. அவள் எழுந்திருக்கவில்லை.