நாயாற்றுச் சேர்வருக்குள் நுழைந்தது

கடலால் வந்து வலையைக்கூட இறக்காமல் ஸ்ரனிஸ்லஸ் மகளுக்கு அழைப்பு எடுத்தார்.

"பிள்ளை, உந்த அப் இண்டைக்கு நான் எங்கை நிக்கிறன் எண்டு கேக்குது. பிடிச்ச மீனைப் பதியத்தானே தந்தனீங்கள். நிக்கிற இடம் ஆருக்கு?"

நாயாற்று மீனவர் சங்கத்துக்கு அந்தச் செயலியை நடத்திக் கொடுப்பது மகள் ஜெயரூபினி வேலை செய்யும் கிளிநொச்சி நிறுவனம். செயலியின் தரவுகள் சேரும் கணினிகளான சேர்வர்கள் அவள் பொறுப்பு. அப்பாவோ, வலை விடும் இடத்தைக் கூடப்பிறந்த தம்பிக்கே சொல்லாதவர்.

"நீங்கள் ஓம் எண்டு அமத்தினனீங்களோ?"

"நான் இண்டைக்குத்தான் திறந்து பாத்தனான், அமத்தேல்லை. மற்றவங்கள் அமத்திப்போட்டாங்கள்."

அவள் கணினியைத் திறந்தாள். அக்கராயன் விவசாயிகளின் சேர்வர்கள் ஒரு குழு, நாயாற்றின் மூன்றும் வேறு குழு. வயல் எல்லையைக் குறிக்கவென்று அக்கராயனுக்கு மட்டும் ஒரு செருகுநிரல் போட்டிருந்தார்கள். மென்பொருளோடு சேர்த்துப் பூட்டும் சிறிய துண்டு அது. ஆள் நிற்கும் இடத்தைக் கேட்டு வாங்கி வைக்கும். அந்தக் குழுவைத் தாண்டி அது போகக்கூடாதென்று விதி எழுதியவள் அவளேதான். இப்போது அது நாயாற்றிலும் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று நாளாகப் பத்தொன்பது படகுகளின் இடங்கள் சேர்ந்திருந்தன.

ஏற்றியவர் பெயர்: நிருஷன்.

நிருஷன் அவளுக்கு அடுத்த மேசை. போன கிழமை, "அக்கா, உங்கட ஊர்ப் படகுகள் எவ்வளவு தூரம் போகும்?" என்று அவன் கேட்டது அவளுக்கு நினைவு வந்தது. அவள் பக்கத்தால் போனால் கணினித் திரையை மாற்றிவிடுகிறான். தொலைபேசி வந்தால் வெளியே போய்ப் பேசுகிறான். இவ்வளவு நாளும் கண்ணில் படாததெல்லாம் அன்று வரிசையாகப் பட்டது. அவனிடம் ஒன்றும் கேட்காமல் நாயாற்றில் செருகுநிரலை நிறுத்தினாள். அவன் உள்நுழையும் அனுமதியையும் எடுத்துவிட்டாள்.

அடுத்த நாள் காலை அவன் கதிரையைத் திருப்பினான்.

"அக்கா, என்னை வெளியிலை விட்டிருக்கு. நீங்களோ?"

"ஓம். நாயாற்றிலை அதை ஏன் போட்டனீர்? ஆர் கேட்டது?"

"நான் புதுப்பதிப்புத்தான் ஏத்தினனான். எந்தக் குழுவுக்கு எண்டு விதிதான் சொல்லும். அதை நான் தொடேல்லை."

அவள் நம்பவில்லை. அவனுக்கு முன்னாலேயே விதியின் திருத்தங்களைத் திறந்தாள். குழுவின் பெயர் இருக்க வேண்டிய கட்டம் வெறுமையாக இருந்தது. வெறுமை என்றால் எல்லாக் குழுவுக்கும் என்பது அந்த மென்பொருளின் கணக்கு. வெறுமையாக்கியவர் பெயர்: ஜெயரூபினி. போன மாதம் அக்கராயன் குழுவுக்குப் பெயர் மாற்றியபோது பழைய பெயரை அழித்தவள், புதியதை எழுத மறந்துவிட்டாள்.

அவள் அவன் அனுமதியைத் திருப்பிக் கொடுத்தாள். "பிழை என்ரை. மன்னிச்சுக்கொள்ளும்."

"என்னட்டை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், அக்கா." அவன் குரலில் கோபமில்லை, அதுதான் அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. திரையில் அவன் மறைத்தது வவுனியாவில் தேடிய வேலையை. பிறகு அந்த வேலை கிடைத்தது. போவதற்கு முன், கட்டம் வெறுமையானால் எந்தக் குழுவிலும் ஏறாதபடி மென்பொருளை மாற்றிவிட்டுப் போனான்.

பிழை தெரிந்த அன்றே அவள் நிறுவன உரிமையாளர் யோகலிங்கத்திடம் நடந்ததைச் சொல்லி, சேர்ந்த இடங்களை அழிக்கப்போவதாகச் சொன்னாள்.

"ஒரு கிழமை இருக்கட்டுமே," என்றார் அவர்.

"ஏன், சேர்?"

"சும்மாதான். பிறகு ஆருக்கும் உதவும்."

அந்த 'ஆருக்கும்' அவளை உறுத்தியது. "அவையளைக் கேளாமல் எடுத்தது, சேர். வைச்சிருக்க ஏலாது." அவர் வேறு பக்கம் பார்த்தார். அவள் போய் அழித்தாள். சேமிப்பு நகல்களையும் தேடி அழித்தாள். அவருக்கு ஏற்கெனவே ஒரு பிரதி போயிருக்குமோ என்று பதிவுகளை இரண்டு தரம் புரட்டினாள். ஒன்றும் அகப்படவில்லை.

ஞாயிறு பூசை முடிந்து நாயாற்றுச் சங்கக் கட்டடத்தில் மீனவர்களிடம் எல்லாவற்றையும் சொன்னாள். தன் பெயரை மறைக்கவில்லை. ஏழு பேர் அங்கேயே செயலியை அழித்தார்கள். ஸ்ரனிஸ்லஸ் எழுந்தார்.

"வேறை ஆரிட்டையும் போகேல்லை எண்டு உனக்கு வடிவாத் தெரியுமோ?"

"பார்த்த இடத்திலை இல்லை, அப்பா. பார்க்காத இடத்துக்கு நான் சத்தியம் பண்ண மாட்டன்."

சங்கச் செயலாளர் மார்கிறட், இனி நாயாற்றுக் குழுவில் எது ஏறுவதென்றாலும் தனக்கு எழுதிக் காட்டி ஒப்பம் வாங்க வேண்டும் என்றார். ஜெயரூபினி அங்கேயே எழுதிக் கொடுத்தாள். யோகலிங்கத்துக்கு அது பிடிக்கவில்லை. மறுத்தால் மிச்சப் பேரும் செயலியை அழித்துவிடுவார்கள் என்பதால் மறுக்கவும் அவரால் முடியவில்லை.