விஸ்வநாதன் சாய்ந்த அன்று

தென்காசியை விட்டு சுரண்டை ரோட்டில் கொஞ்ச தூரம் வந்தால் எங்கள் சாரல் நகர். பெயர் வைத்தவர் மனை விற்றவர். குற்றாலத்தில் சாரல் விழும் மாதங்களில் எங்களுக்கு வந்து சேருவது காற்று மட்டும்தான். ஆனியில் கிளம்பினால் ஆவணி வரை ஓயாது. மொட்டை மாடியில் காயப்போட்ட சேலையை இரண்டு தெரு தள்ளிப் போய் விசாரித்து வாங்கிவர வேண்டும். கோடையிலோ லாரித் தண்ணீரை நம்பித்தான் பிழைப்பு.

இப்படிப்பட்ட இடத்தில் தெருவின் இரண்டு பக்கமும் மரம் நிற்கிறது என்றால் அதற்குப் பேச்சித்தாயின் வாய்தான் காரணம்.

பேச்சித்தாய் கீழப்பாவூர்க்காரி. நெல் விதைத்த குடும்பம். கணவர் பெயர் கடற்கரை; லோடு ஆட்டோ ஓட்டுகிறார். அவள் வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து, சாயங்காலம் ஸ்கூட்டியில் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பாள். மாவோடு செய்தியும் போகும். நகர் உருவானபோது மனைக்காரர் கணக்குக்காக நட்டுவைத்த புங்கையும் வேம்பும் பூவரசும் பிழைத்தது அவள் ஊற்றிய அரிசி கழுவிய தண்ணீரில். கன்றாக இருந்தவரை அது போதும். மரங்கள் ஆள் உயரம் தாண்டி, வீட்டு உயரத்தை எட்டியபோது போதவில்லை.

இரண்டு வருடத்துக்கு முந்தைய சித்திரையில் நிலைமை முற்றியது. நலச்சங்கத் தலைவர் விஸ்வநாதன், ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. லாரித் தண்ணீரில் ஒரு குடம்கூட மரத்துக்குப் போகக் கூடாது என்று கூட்டத்தில் சொல்லிவிட்டார். அவர் வாசல் புங்கை கார் மேல் பூவைக் கொட்டுகிறது என்று அவருக்கு ஏற்கெனவே அதன் மேல் கோபம்.

"வளர்ந்த மரத்துக்கு எதுக்கும்மா தண்ணி? அதுவா பாத்துக்கிடும்" என்றார்.

"எங்க வீட்டுலயும் வளந்த ஆளுதான் இருக்காவ, அண்ணாச்சி. நேரத்துக்குச் சோறு கேக்கத்தான் செய்யுதாவ" என்றாள் பேச்சித்தாய்.

தீர்மானம் மாறவில்லை. மறுநாள் மாவு கொடுக்கப் போன இடத்தில், ஆசிரியை உமா மகேஸ்வரியிடம் மெதுவாக ஆரம்பித்தாள்.

"டீச்சர், விஸ்வநாதனுக்குத் தலையெல்லாம் காஞ்சு போச்சு. பாக்கவே பாவமா இருக்கு."

"ஐயோ, சாருக்கா?"

"அவுக வாசல் புங்கைக்கு. மரத்துக்கும் ஒரு பேரு வேண்டாமா?"

விஸ்வநாதனை நேரில் பெயர் சொல்லிக் கூப்பிட முடியாது. மரத்தைக் கூப்பிடலாம். அந்தச் சுகத்தை அவள் ஒரே வாரத்தில் நகர் முழுவதற்கும் கற்றுக்கொடுத்துவிட்டாள். ஒவ்வொரு வாசல் மரத்துக்கும் அந்த வீட்டுக்காரர் பெயர். அதோடு நிறுத்தினாளா? விஸ்வநாதன் வீட்டில் போய், "டீச்சர் வாசல் வேம்பு தளதளன்னு நிக்கி. பாத்திரம் கழுவுன தண்ணியெல்லாம் அதுக்குத்தான் ஊத்துதாவ" என்றாள். டீச்சர் வீட்டில் போய், விஸ்வநாதன் ஊற்றுவதாகச் சொன்னாள். இரண்டும் பொய். வாரக் கடைசியில் இரண்டும் உண்மையாகிவிட்டன.

தன் பெயரில் ஒன்று தெருவில் எல்லோர் கண்ணிலும் வாடி நிற்பதை யாராலும் தாங்க முடியவில்லை. துணி அலசிய தண்ணீர், குளித்த தண்ணீர், மீன் தொட்டித் தண்ணீர்கூட வெளியே வந்தது. தலைவர்தான் மும்முரம். விடியுமுன் கேட்டுக்குப் பின்னால் நின்றபடி, குழாயை மட்டும் வெளியே நீட்டி, தினமும் புங்கையின் தூரில், அடிமரத்தை ஒட்டியே, தண்ணீர் விட்டார். அவர் மனைவி நாச்சியார்தான் இதைப் பேச்சித்தாயிடம் சொன்னது. வைகாசியில் புங்கை குடை விரித்தது. ஒரு கிளையைக் குறைக்கலாம் என்று யாராவது சொன்னால் அவருக்கு முகம் சிவந்தது.

ஆனி பிறந்து காற்று கிளம்பியது. ஒரு நாள் முற்பகலில் புங்கை ஒரு பக்கத்து மண்ணைப் பெயர்த்துக்கொண்டு அப்படியே கேட்டின் மேல் சாய்ந்தது. வாசல் அடைபட்டது. விஸ்வநாதன் வேறு வழியில்லாமல் மரம் அறுக்கும் இசக்கிமணிக்குப் போன் போட்டு, மிஷினோடு வரச் சொன்னார். அந்தப் பேச்சோடு போனில் சார்ஜ் தீர்ந்தது. காற்றுக்குக் கரண்டும் போயிருந்தது.

பேச்சித்தாய் உமா மகேஸ்வரிக்குச் செய்தி சொன்னாள். டீச்சர் சிரித்துக்கொண்டே நகரின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார்: "விஸ்வநாதன் சாய்ந்துவிட்டார். வாசலிலேயே கிடக்கிறார்." விஷயம் தெரிந்த எல்லோரும் அழும் பொம்மைகளை வரிசையாக அனுப்பினார்கள்.

விஷயம் தெரியாத ஒருவரும் குழுவில் இருந்தார். நாச்சியாரின் அண்ணன் சிவசுப்பிரமணியன். பண்பொழியில் இருப்பவர், இங்கே மனை வாங்கிப் போட்டதோடு சரி. தங்கை கணவருக்குப் போன் போட்டுப் பார்த்தார். சுவிட்ச் ஆஃப். தங்கையின் போனும் அப்படியே. வேன் பிடித்தார்.

மதியத்துக்கு முன்பே வேன் வந்து நின்றது. முதலில் அழுகைச் சத்தம் இறங்கியது, பிறகு பெண்கள், கடைசியில் கையில் ரோஜா மாலையோடு சிவசுப்பிரமணியன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மரத்தில் கயிறு சுற்றிக்கொண்டிருந்த விஸ்வநாதன் திரும்பிப் பார்த்தார்.

"என்ன அத்தான், யாருக்கு என்ன ஆச்சு?"

அழுதுகொண்டிருந்தவர்களுக்கு எந்த இடத்தில் நிறுத்துவது என்று தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்து இசக்கிமணி பைக்கில் வந்தான். வேனையும் மாலையையும் சிவந்த கண்களையும் பார்த்தவன் மிஷினைச் சத்தமில்லாமல் ஓரமாக வைத்தான். பக்கத்தில் நின்ற ஆளிடம் போய்த் தணிந்த குரலில் சொன்னான்:

"துட்டி வீடுன்னு தெரியாமப் போச்சு, அண்ணாச்சி. காலைலதான் விஸ்வநாதன் சார் எங்கிட்ட போன்ல பேசுனாவ, அதுக்குள்ளயா? எத்தன மணிக்கு எடுக்காவ?"

"நாந்தான்வே விஸ்வநாதன்" என்றார் அவர்.

இசக்கிமணி இரண்டு எட்டு பின்னால் போனான்.

பேச்சித்தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். முதுகு குலுங்கியது. நாச்சியார் மட்டும் சிரிக்கவில்லை. அண்ணன் முதுகுக்குப் பின்னால் ஒளித்த மாலையையே பார்த்துக்கொண்டிருந்தவர் சொன்னார்:

"இன்னிக்கு இந்த வாசல்ல எதையும் அறுக்கக் கூடாது. அது அவுக பேர்ல இருக்க மரம். நிமித்துங்க."

இசக்கிமணி குனிந்து பெயர்ந்த இடத்தைக் கையால் கிளறினான். வேரெல்லாம் தூரைச் சுற்றியே ஒரு பாய்போல் சுருண்டு கிடந்தது.

"கன்னுல இருந்தே தூருலயே தண்ணி கெடச்சா வேரு எதுக்கு வெளிய போவும்? மேல பாரம், கீழ பிடிப்பு இல்ல. நெல்லுக்குப் பாய்ச்சுத மாதிரிலா பாய்ச்சிருக்கிய."

கன்றிலிருந்தே தூரில் ஊற்றியவளும், மற்றவர்களை ஊற்றச் சொன்னவளும் பேச்சித்தாய்தான். அவளுக்குத் தெரிந்த பாசனம் நெல் பாசனம்தான். சிரிப்பு நின்றுவிட்டது. போய்க் கயிற்றின் ஒரு முனையைப் பிடித்தாள்.

இசக்கிமணி கனத்த கிளைகளை மட்டும் குறைத்தான். துட்டிக்கு வந்த கூட்டம் மொத்தமும், வேன் டிரைவர் உட்பட, வரிசையாக நின்று இழுத்தது. சற்று முன் ஒப்பாரி வைத்த பெரியம்மாதான் எல்லோருக்கும் சேர்த்துக் குரல் கொடுத்தார். புங்கை முக்கால்வாசி நிமிர்ந்தது. மீதிக்கு முட்டுக் கொடுத்தார்கள். பண்பொழிக்காரர்கள் பசியோடு திரும்பக் கூடாது என்று பேச்சித்தாய் அன்றைய மாவு முழுவதையும் நாச்சியார் அடுப்பங்கரையில் கொண்டுபோய் வைத்தாள்.

அடுத்த கூட்டத்தில் விஸ்வநாதன் பழி தீர்த்தார். காலி மனையில் தானாக முளைத்த உடைமரத்துக்குப் பேச்சித்தாய் என்று பெயர் சூட்டினார்.

"தண்ணி வேண்டாம். ஆளு வேண்டாம். கிட்ட போனா முள்ளு" என்று விளக்கமும் சொன்னார்.

அவள்தான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தாள். அந்த மரத்தை இன்றுவரை யாரும் வெட்டத் துணியவில்லை.

இப்போது வாரத்துக்கு ஒரு முறைதான் தண்ணீர். கிளையின் நிழல் முடிகிற இடத்தில் வட்டமாகக் குழி வெட்டி, அது நிறையும் மட்டும். உதிர்ந்த இலையைக் குழியில் ஈரம் காயாதபடி மூடாக்காகப் போடுகிறோம். அதைக் கூட்டி எரிப்பவர்களோடு விஸ்வநாதன் சண்டைக்குப் போகிறார். காற்று வருமுன் வைகாசியிலேயே கிளை குறைத்துவிடுகிறோம். போன ஆடியில் சில கிளைகள் முறிந்தன; மரம் ஒன்றும் விழவில்லை.

இந்த வைகாசியில் பூவரசுக்குக் கிளை குறைக்க ஸ்டூலில் ஏறிய பேச்சித்தாய் தவறி விழுந்து கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டாள். நகர் முழுக்க உப்புமா. நாச்சியார் மட்டும் தானே மாவு அரைத்து, இட்லி ஊற்றி, அவளுக்கு எடுத்துக்கொண்டு போனார். மாவு புளிக்கவே இல்லை. தட்டில் இட்லி வட்டமாக, வெள்ளையாக, கல்லாக இருந்தது.

நாச்சியார் எதிரே உட்கார்ந்து முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சித்தாய் பக்கத்தில் நின்ற கணவர் கடற்கரையைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள். பிறகு சாம்பாரை நிறைய ஊற்றி ஊறவைத்து, நான்கையும் சாப்பிட்டு முடித்தாள்.

"பூவரசுக்கு இந்த வாரத்துத் தண்ணி விட்டாச்சா, மைனி?" என்று மட்டும் கேட்டாள்.