கப்பல் நாளில் பிந்திய மணிக்கூடு

"மணிக்கூட்டின் துடிப்பை மறித்து வைத்துக்கொண்டு எந்தச் சாதனத்துக்காகவும் காத்திருக்கக் கூடாது." எங்கள் கணினியோடு வந்த கைநூலின் விதி இது. எண்பதுகளின் தொடக்கத்தில், திருகோணமலைத் துறைமுகத்தை ஒட்டிய ஒரு களஞ்சியத்தில் அந்தக் கணினிக்கு நான்தான் பொறுப்பு. அந்த விதிக்குக் கீழே சிவப்புக் கோடு போட்டவனும் நான்தான்.

இறக்கும் மூட்டைகளின் நிறையை அச்சடிக்கும் இயந்திரத்தை ஓட்ட ஒரு நிரல் எழுதியிருந்தேன். இப்படிச் சாதனத்தை ஓட்டும் நிரலுக்குக் கணினிக்காரர் வைத்த பெயர் 'றைவர்', ஓட்டுநர்.

"றைவர் எண்டா லொறிக்குத்தானே சேர்?" என்றார் நிறை எடுப்பவர். களப்புக்கு அப்பால் குறிஞ்சாக்கேணிக்காரர், நாற்பது வயதிருக்கும். நான் சிரிக்கவில்லை.

நான்கு மணிக்கு வேலை முடிந்ததும் மற்றவர்கள் தேநீர் குடித்து ஆறுதலாகப் போவார்கள். அவர் மட்டும் உடனே கணினியின் பொத்தானை அழுத்தி நேரத்தைப் பதிந்துவிட்டு, களப்பைக் கடக்கும் பாதையைப் பிடிக்க ஓடுவார். மிதவையை நாங்கள் பாதை என்போம். அவர் சில நாள்களில் பத்து நிமிடம் முந்திப் போனதாகக் கணினி காட்டியது. விளக்கம் கேட்டுக் கடிதம் போனது. அடுத்த கடிதத்தில் விசாரணை என்றும் வேலைநீக்கம் என்றும் இருந்தது.

"என்ட மணிக்கூடு ரேடியோ பாத்து வெச்சது சேர். கப்பல் வந்தா ஒங்கட மெசின்தான் பிந்துது."

"மெசின் பிந்தாது. எழுத்தில தாங்க, மூண்டு பிரதி."

"எழுதலாம் சேர். பாதை என்னப் பாத்து நிக்காதே."

மூன்று பிரதி தந்தார். முறைப்படி தலைமை அலுவலகம் வழியாகக் கணினி செய்தவர்களுக்கு அனுப்பினேன். பதில் இல்லை.

விசாரணைக்கு இரண்டு நாள் இருக்க ஒரு கப்பல் வந்தது. அவர் கைமணிக்கூட்டைக் கழற்றி என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். அன்று காலையில் நானே சரிபார்த்துத் தொடக்கிய கணினி, மதியத்துக்குள் அதைவிட ஆறு நிமிடம் பின்னால் நின்றது.

என் நிரலைத் திறந்தேன். மணிக்கூடு வினாடிக்கு ஐம்பது தடவை கணினியின் கதவைத் தட்டும்; அந்தத் தட்டல்களை எண்ணித்தான் கணினி நேரம் சொல்லும். சிவப்புக் கோடு போட்ட நானோ அச்சியந்திரம் தாளை நகர்த்தும்வரை கதவைச் சாத்தியிருந்தேன். சாத்திய கதவில் எத்தனை தட்டல் விழுந்தாலும், திறக்கும்போது கணக்கில் வருவது ஒன்றுதான். கப்பல் நாளில் அச்சு அதிகம், தொலைந்த தட்டல்களும் அதிகம். மாற்றி எழுதினேன்: ஒவ்வொரு தட்டலுக்கும் அச்சியந்திரத்தை எட்டிப் பார், ஆயத்தமில்லை என்றால் போய்விட்டு அடுத்த தட்டலுக்கு வா.

விசாரணையில், பிழை என்னுடையது என்று எழுதிக் கொடுத்தேன். மூன்று பிரதி. அவர் வேலை தப்பியது.

"இப்ப ஒங்கட றைவருக்கு லைசன் குடுக்கலாம் சேர்" என்றார். அன்றைக்குச் சிரித்தேன்.

ஒருவரில் குற்றம் காண முன் என் மணிக்கூட்டைப் பார்க்க வேண்டும் என்று அந்தக் கைமணிக்கூடு அரை நாளில் கற்றுத் தந்ததை இன்றும் மறக்கவில்லை. 'கைநூலின் மணிக்கூட்டு விதியைப் பார்க்கவும்' என்று கணினி செய்தவர்கள் எழுதிய ஒற்றை வரிப் பதில், எட்டு மாதம் கழித்து, தைப்பொங்கலுக்கு முதல் நாள் வந்து சேர்ந்தது.