கொடிக்குக் கீழே நுழையாத கூடாரம்

சில ஆண்டுகளுக்கு முன், ஜொகூர் மாநிலச் சட்டமன்றத் தேர்தலின்போது, குளுவாங்கிற்குப் பக்கத்தில் உள்ள ஒரு தாமானில், அதாவது குடியிருப்புப் பேட்டையில், நடந்தது இது. எதையும் வரிசை போட்டுப் பார்த்தால்தான் எனக்குத் தெளிவாகும். அதனால் நடந்ததை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. வாக்களிப்புக்கு முந்தைய நாள். எங்கள் வேட்பாளரின் கடைசிப் பிரச்சாரக் கூட்டத்துக்காக (எங்கள் பேச்சில் செராமா) தெருமுனைத் திடலில் காலையிலேயே கூடாரம் போட்டுவிட்டோம்.
2. மதியம், அதே தெருவில் ஒரு வீட்டில் பெரியவர் ஒருவர் இறந்துபோனார்.
3. அந்த வீட்டு வாசலில் போட ஊரில் ஒரு கூடாரம்கூடக் கிடைக்கவில்லை.
4. எங்கள் கூடாரம் அந்த வாசலுக்குப் போனது.
5. எங்கள் கூட்டம் நடக்கவில்லை.

எழுதிப் பார்த்தால் சுலபமாகத்தான் இருக்கிறது. மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் நடந்ததைத்தான் இத்தனை நாளும் மறக்க முடியவில்லை.

நான் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பொறியாளர். அரசியல் எனக்குப் பழக்கமில்லாத வேலை. எங்கள் வட்டாரத்தில் வடிகால் அடைத்து வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தபோது, எந்தப் பதவியும் இல்லாமல் ஒரு வழக்கறிஞர் வந்து நின்றார். எங்களோடு அலுவலகம் அலுவலகமாக அலைந்து வேலையை முடித்துக் கொடுத்தார். அவர்தான் பிறகு எங்கள் வேட்பாளர். எல்லோருக்கும் அவர் அக்கா. முதல் முறை நின்றபோது கொஞ்ச வித்தியாசத்தில் தோற்றார். மற்ற இடங்களில் முன்னணியில் இருந்தவரை இந்த ஒரு தாமான்தான் கவிழ்த்தது. அதனால் இரண்டாவது முறை, கடைசிக் கூட்டத்தை இங்கேயே வைப்பது என்று முடிவு செய்திருந்தோம். இந்தத் தாமானைப் பிடித்தால் தொகுதி கைக்கு வரும், விட்டால் மறுபடியும் தோல்வி. இது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

எதிரணிக்காரர்களுக்கும் தெரியும். அவர்களுடைய உள்ளூர்க் கிளைத் தலைவர் அந்தத் தெருவாசி. பிரச்சாரம் தொடங்கிய நாளிலிருந்து, எங்கள் வேன் போகும்போதெல்லாம் தன் கட்சிக் கொட்டகையிலிருந்து கை ஆட்டுவார்.

"என்ன தங்கச்சி, மறுபடியும் தோக்க வந்துட்டீங்களா?"

நான் பதில் சொல்வதில்லை. எங்கள் பிரச்சாரப் பொறுப்பாளர், நாங்கள் அங்கிள் என்று கூப்பிடுபவர், விடமாட்டார். "இந்தத் தடவ நீங்க வீட்டுக்குப் போற தடவண்ணே!" என்று ஒலிபெருக்கியிலேயே கத்துவார். தெருவே சிரிக்கும். தேர்தல் என்றால் எங்கள் பக்கம் அப்படித்தான்.

அன்று மதியம் நான் திடலில் நாற்காலிகளை வரிசைப்படுத்திக் கொண்டிருந்தபோது ஒரு பெண் வந்தாள். என் வயதுதான் இருக்கும். அழுது முடித்த முகம்.

"அக்கா, இந்த டெண்டு எங்க எடுத்தீங்க? அவங்ககிட்ட இன்னொண்ணு இருக்குமா?"

நான் விசேஷ வீடு என்று நினைத்துக்கொண்டு, "என்ன ஃபங்ஷன்?" என்று கேட்டுவிட்டேன்.

"அப்பா தவறிட்டாரு."

தவறியவர் ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர். கிளைத் தலைவரின் சொந்த அண்ணன்.

கூடாரக்காரருக்கு நானே போன் போட்டேன். அவர் சீனர். மலாய் மொழியில், எல்லாம் தீர்ந்துவிட்டது, தேர்தல் நேரத்தில் கேட்டால் எப்படி என்றார். தெரிந்த மற்ற இருவரிடமும் கேட்டேன். அதே பதில். பள்ளி விடுமுறைக் கல்யாணங்கள் போக மிச்சமிருந்த கூடாரங்களைக் கட்சிகள் எடுத்துக்கொண்டிருந்தன. எங்கள் தாமானில் எல்லாம் சிறிய மாடி வீடுகள். உடலைக் கூடத்தில் வைத்துவிட்டால் வந்தவர்கள் உட்கார வாசல்தான். மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. அவள் நன்றி சொல்லிவிட்டுப் போனாள். எங்கள் கூடாரத்தைக் கேட்கவே இல்லை.

அக்கா வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். அங்கிளுக்கு நான் என்ன நினைக்கிறேன் என்பது புரிந்துவிட்டது.

"வேணாம்மா. செராமாவுக்குப் போலீஸ் பெர்மிட் இந்தத் திடலுக்குத்தான், இன்னிக்குத்தான். மழை வேற வருது. டெண்டு இல்லாட்டி ஒருத்தன் உக்கார மாட்டான். அந்த வீட்டுல நமக்கு ஒரு ஓட்டுகூட கெடையாது."

"தெரியும் அங்கிள்" என்றார் அக்கா.

"அப்புறம் என்ன?"

"நாலு வீடு தள்ளி ஒரு சாவு. நான் இங்க மைக்க வெச்சிக்கிட்டு என்ன பேசறது?"

"அலமாக், சுருக்கமாப் பேசுங்க லா. சத்தத்தக் கொறச்சுக்கலாம்."

அக்கா நாற்காலிகள் வந்த லாரிக்குப் பின்னால் போய்ச் சிறிது நேரம் தனியாக நின்றார். திரும்பி வந்தபோது முகத்தில் கோபம் இருந்தது. யார் மேல் என்று தெரியவில்லை.

"எனக்கும் ஜெயிக்கணும்னு இருக்கு அங்கிள். இல்லன்னா ரெண்டாவது தடவ எதுக்கு நிக்கறேன்?" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "இதக் கழட்டி அங்க மாட்ட நேரம் இருக்கா?" என்று கேட்டார்.

பார்த்தேன். மூட்டுத் திருகுகள் துருப்பிடித்திருந்தன. கூடாரக்காரரின் ஆட்கள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். கழற்றிக் கொண்டிருந்தால் மழை முந்திவிடும். ஆனால் தரையில் அடித்த இரும்பு முளைகளைப் பிடுங்கிவிட்டு, காலுக்கு இரண்டு பேர் பிடித்தால், கூடாரத்தை நின்றபடியே தூக்கிக்கொண்டு நடக்கலாம். தொழிற்சாலையில் இதைவிடக் கனமானவற்றை நகர்த்தியிருக்கிறோம். முகப்பில் கட்டியிருந்த அக்காவின் படம் போட்ட பதாகையை முதலில் அவிழ்த்தோம். முளைகளைப் பிடுங்கினோம். நான் எண்ணிக்கை சொல்ல, கூடாரம் தரையை விட்டு எழும்பியது.

அப்போதுதான் கொடிகளைக் கவனித்தேன்.

தேர்தல் வந்தால் எங்கள் தெருக்களில் கொடிப் போர் நடக்கும். இந்த விளக்குக் கம்பத்திலிருந்து அந்த விளக்குக் கம்பத்துக்கு, சாலைக்குக் குறுக்கே கயிறு கட்டி வரிசையாகக் கொடி. ஒரு கயிறு எங்களுடையது, அடுத்தது அவர்களுடையது. கூடாரத்தின் உச்சி அந்தக் கயிறுகளைவிட உயரம். எங்கள் கயிறுகளை நாங்களே அவிழ்த்துவிட்டோம். அவர்களுடையதைத் தொட முடியாது. அடுத்தவர் கொடியில் கை வைத்தால் போலீஸ் புகார், கைகலப்பு எல்லாம் வரும். பிரச்சாரத்தின் முதல் நாளே தொண்டர்களுக்குச் சொல்லிக் கொடுப்பது அதைத்தான்.

அவர்களுடைய முதல் கயிற்றுக்கு முன்னால் கூடாரம் நின்றது. நாங்களும் அதன் கால்களைப் பிடித்தபடி நின்றோம். அவர்களின் கொட்டகையில் இருந்த இளைஞர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். துக்க வீட்டுக் கேட்டில் கிளைத் தலைவர் கை கட்டி நின்றார். "மழை வந்தா வரட்டும், அவங்க டெண்டு நமக்கு வேணாம்" என்று அவர் வீட்டுக்குள் சொல்லியிருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

அங்கிள் என் காதுக்குள், "சொன்னேன்ல? கீழ வையுங்க" என்றார். நான் பிடித்திருந்த கூடாரக் காலை விடவில்லை.

அக்கா எதுவும் கேட்கவில்லை. கூடாரத்தின் ஒரு காலை அவரும் பிடித்திருந்தார். கிளைத் தலைவரை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கிளைத் தலைவர் தெருவுக்கு இறங்கி வந்தார். கயிற்றை அண்ணாந்து பார்த்தார். கூடாரத்தைப் பார்த்தார். அண்ணன் மகள் வாசலில் நிற்பதையும் பார்த்தார். பிறகு தன் ஆட்கள் பக்கம் திரும்பினார்.

"டேய், என்னடா வேடிக்க? கொடிய அவுத்து விடுங்கடா."

"அண்ணே, இது அவங்க டெண்டுண்ணே."

"எங்க அண்ணனுக்குடா!"

அந்தக் குரலை இன்றைக்கும் என்னால் விவரிக்க முடியவில்லை. ஏணி வந்தது. அவர்களுடைய கயிறுகள் ஒவ்வொன்றாக இறங்கின. இறக்கிய கையோடு அந்த இளைஞர்களும் வந்து கால்களைப் பிடித்துக்கொண்டார்கள். இரண்டு கட்சிச் சட்டைகளும் ஒரே கூடாரத்தின் கீழ் தெருவில் மெதுவாக நடந்து போயின. அவர்களில் என்னோடு ஒரே காலைப் பிடித்தவன், "அக்கா, நீங்க கவுன்ட் பண்றது ரொம்ப ஸ்லோ லா" என்று குறைப்பட்டுக்கொண்டான். வாசலில் இறக்கி முளை அடித்து முடித்ததும் மழை கொட்டியது.

நாற்காலிகளையும் அனுப்பிவிட்டோம். அக்கா கட்சிச் சட்டையை மாற்றிக்கொண்டு வந்து, பின்வரிசையில் சிறிது நேரம் உட்கார்ந்தார். "எல்லாருக்கும் ஒரு வணக்கம் மட்டும் வெச்சிட்டு வந்துடுங்க, அது போதும்" என்றார் அங்கிள். அக்கா அதையும் செய்யவில்லை. இறந்தவரின் மனைவியின் கையைப் பிடித்தார், எழுந்து வந்துவிட்டார்.

இதற்கிடையில் ஒரு கூத்தும் நடந்தது. கூட்டத்துக்கு வரச் சொல்லியிருந்த எங்கள் ஆதரவாளர்கள் கூட்டம் ரத்தானது தெரியாமல், சிகாமட் நகரிலிருந்து ஒரு வேனில் வந்து இறங்கினார்கள். கூடாரம், நாற்காலி, நிறைய ஆட்கள். செராமா இங்கேதான் என்று நினைத்து, நேராக உள்ளே புகுந்து துண்டறிக்கை கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். ஒருவர் கையெடுத்துக் கும்பிட்டு, "நாளைக்கு மறக்காம வந்துடுங்க!" என்று வேறு சொல்லியிருக்கிறார். நான் ஓடிப்போய் எல்லாவற்றையும் திரும்ப வாங்கினேன். கிளைத் தலைவர் தன் கையிலிருந்ததை என்னிடம் நீட்டினார்.

"எங்க அண்ணன் வர மாட்டாரு தங்கச்சி. மத்தவங்களக் கேட்டுப் பாருங்க."

எனக்கு எந்த முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவர் இலேசாகச் சிரித்ததும்தான் மூச்சு வந்தது.

மறுநாள் அந்தக் குடும்பத்தார் சடங்குகளுக்கு நடுவே முறை வைத்து வாக்களித்துவிட்டு வந்தார்கள். மாலையில் நான் வாக்கு எண்ணும் அறையில் எங்கள் கட்சியின் முகவராக உட்கார்ந்திருந்தேன். அந்தத் தாமானின் வாக்குச் சீட்டுகள் என் கண்ணெதிரிலேயே பிரிக்கப்பட்டன. அங்கே நாங்கள் பின்தங்கினோம். தொகுதியிலும் தோற்றோம். அங்கிள் என்னோடு ஒரு வாரம் பேசவில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு எங்களை அழைத்திருந்தார்கள். அக்காவும் நானும் போனோம், அங்கிளும் முனகிக்கொண்டே வந்தார். கிளைத் தலைவர்தான் சாப்பாடு பரிமாறினார். அக்காவின் இலையில் சாம்பாரை ஊற்றிவிட்டுக் கொஞ்சம் நின்றார்.

"ஓட்டு எங்க கட்சிக்குத்தாம்மா போட்டேன். பொய் சொல்ல மாட்டேன்."

"நாங்க கேக்கவே இல்லையே" என்றார் அக்கா.

"அதான் சொல்லணும்னு தோணுச்சு" என்றவர், அங்கிளின் இலைக்கு நகர்ந்தார். "நீங்க நல்லா சாப்பிடுங்கண்ணே. வீட்டுக்குப் போற தடவன்னு சொன்னீங்க, நான் இங்கதான் இருக்கேன்." அங்கிளே சிரித்துவிட்டார்.

அன்று கூட்டம் நடந்திருந்தால் வென்றிருப்போமா என்று இன்றும் சிலர் கேட்கிறார்கள். தெரியாது என்பதுதான் என் பதில். பதவியை விட்டுவிட்டு அதைவிடப் பெரிதாக ஏதோ கிடைத்தது என்று அழகாக எழுதவும் எனக்கு மனம் வரவில்லை. தோல்வி தோல்விதான், அது வலித்தது. ஆனால் தேர்தலில் எதிரே நிற்பவர்களும் தேர்தல் முடிந்த பிறகு அதே தெருவில்தான் குடியிருப்பார்கள் என்பது அன்று எனக்கு உறைத்தது. அதற்குப் பிறகு நான் எந்தக் கூட்டத்துக்குத் திட்டம் போட்டாலும் அந்த நினைப்போடுதான் போடுகிறேன்.

இன்றைய நிலவரம் இதுதான்: அக்கா இரண்டு முறை நின்று இரண்டு முறையும் தோற்றிருக்கிறார். தொகுதி இன்னும் அவர்களிடம்தான் இருக்கிறது. அடுத்த தேர்தலிலும் அக்கா நிற்கிறார், நானும் கூட இருக்கிறேன்.